தேகாப்பியாசமும் ஔஷதமும்

(சாத்தாங்காட்டில் முதியோர் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதுமைப் பருவத்தில் தேகாப்பியாசத்தினால் விளையும் நன்மைகளை, அப்பியாசம் செய்யாமலே, ஏதேனும் ஓர் ஔஷதத்தை உட்கொள்வதன் மூலம் பெற்றுவிட முடியுமா என்னும் கேள்வி, இன்று உலகத்தின் பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றில் மிகுந்த பொருட்செலவுடன் ஆராயப்பட்டு வருகிறது. கலிபோர்னியாவிலே எலிகளை ஓட விட்டும், சீன தேசத்திலே இளைஞர்களின் இரத்தத்தைச் சோதித்தும் இதற்கு விடை தேடுகிறார்கள். ஆயினும், மாத்திரை ஒரு பக்கமும் நடை ஒரு பக்கமுமாக நிறுத்தி, மனிதர்களைக் கொண்டே மூன்றாண்டுக் காலம் பொறுமையாகச் சோதித்துப் பார்த்த அருமையான பரிசோதனை ஒன்று, நாம் கூடியிருக்கும் இந்தச் சாத்தாங்காட்டுக்குச் சில மைல் தெற்கே, இராயபுரத்திலேயே நடந்தது என்பதை நம்மவரில் பலர் அறியார். அந்தப் பரிசோதனையை நடுநாயகமாக வைத்துக்கொண்டே இன்று பேச எண்ணுகிறேன்.

உழைக்க மனமில்லாதவர்களின் ஆசை என்று இக்கேள்வியையே ஒதுக்கிவிடுவோர் உண்டு. அவ்வாறு ஒதுக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பக்கவாதம் கண்டு ஒரு பாதிச் சரீரம் செயலற்றுப் போனவரிடமும், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடக்கும் அம்மையாரிடமும், பல ஆண்டு தூசியைச் சுவாசித்து நுரையீரல் தளர்ந்து பத்து அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும் பெரியவரிடமும் போய், விடியற்காலையில் எழுந்து உலாவி வாருங்கள் என்று உபதேசிப்பது எந்த விதத்தில் கருணையாகும்? படுக்கை என்பது முதியவர்களுக்கு எவ்வளவு விரைவாகக் கேடு செய்கிறது என்பதை 2007-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிற்று. நோய் ஏதுமில்லாத, சராசரி 67 வயதுடைய 12 பேரைப் பத்தே நாள் படுக்கையில் இருத்தினார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்து போயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் ஆண்டொன்றுக்குச் சுமார் நூற்றுக்கு ஒன்று வீதம் தசை குறைவது இயல்பு என்றால், ஆண்டுக்கணக்கில் நிகழ வேண்டிய க்ஷீணத்தைப் பத்து நாள் படுக்கை நிகழ்த்திவிடுகிறது. காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த தாத்தா, காய்ச்சல் நீங்கியும் எழுந்து நடக்க மாட்டாமல் வீடு திரும்புவதன் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள் என்று 2021-இல் கணக்கிட்டிருக்கிறார்கள். கேரளத்தை அடுத்து முதியோர் விகிதம் மிகுந்த மாநிலம் நம்முடையதே. சென்னைப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டில் டாக்டர் வி. எஸ். நடராசன் அவர்கள் முதியோருக்கென்றே ஒரு தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கினார். இந்தியாவிலேயே அதுதான் முதலாவது. அத்தகைய மரபையுடைய ஊரில், எழுந்து நடக்க இயலாதவருக்கு மருந்தினாலாவது உதவ முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வியே.

சரீரத்தை அசைக்கும்போது உள்ளே நிகழ்வது யாது என்பதைச் சற்று அறிந்துகொண்டால்தான் மேலே சொல்லப்போவது விளங்கும். தசை சுருங்கி விரிவதற்கு ஒரு சக்திப் பொருள் செலவாகிறது. அச்செலவைக் கவனித்துக்கொண்டே இருக்கும் ஒரு நொதி ஒவ்வோர் உயிரணுவிலும் உண்டு. ஏஎம்பிகே என்பது அதன் பெயர். இரும்புக் கிடங்கிலே இருப்பு இறங்குவதைக் கண்டதும் புதுச் சரக்குக்கு ஓலை அனுப்பும் கணக்குப்பிள்ளையைப் போன்றது அது. சக்தி குறைந்துவிட்டது என்று கண்டவுடனே, இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுக்கவும், சேர்த்து வைத்த கொழுப்பை எரிக்கவும், சக்தியை உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உறுப்புகளைப் பெருக்கவும் அது ஆணையிடுகிறது. நடப்பவருடைய இரத்தச் சர்க்கரை இறங்குவதற்கும், தினந்தோறும் நடப்பவர் நாளடைவில் களைப்பின்றி நடப்பதற்கும் இதுவே முக்கியமான காரணங்களுள் ஒன்று. இனி, உண்மையில் சக்தி செலவாகாமலே, செலவாகிவிட்டது என்று அந்தக் கணக்குப்பிள்ளையை நம்பச் செய்ய ஒரு மருந்தினால் முடியுமானால், அப்பியாசத்தின் பலன்களில் ஒரு பகுதி தானே கிடைத்துவிட வேண்டும் அல்லவா? அப்பியாசத்தைப் போலி செய்யும் ஔஷதங்களைத் தேடுவோர் எல்லாருடைய தர்க்கமும் இதிலேதான் தொடங்குகிறது.

அத்தகைய மருந்துகளில் ஒன்று நம் வீட்டு அலமாரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. சுகர் மாத்திரை என்று நாம் சொல்லும் மெட்பார்மின்தான் அது. ஐரோப்பாவில் கலேகா என்னும் ஒரு செடியை நாட்டு மருந்தாக வழங்கி வந்தார்கள். அச்செடியிலுள்ள பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியின் வழியே வந்து, 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்னும் பிரெஞ்சு வைத்தியரால் நீரிழிவுக்கு மருந்தாக நிலைநாட்டப்பட்டது இம்மாத்திரை. மைட்டோகாண்ட்ரியாவின் வேலையை இது சற்றே தடுக்கிறது. அதனால் உயிரணுவில் சக்தி குறைகிறது. நான் சொன்ன கணக்குப்பிள்ளை விழித்துக்கொள்கிறார்.

இனி இராயபுரத்துக்கு வருவோம். ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் நீரிழிவு நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் எம். விசுவநாதன் அவர்கள், 1954-இல் இராயபுரத்திலே நீரிழிவுக்கெனவே ஒரு மருத்துவமனையை நிறுவினார். துறைமுகத் தொழிலாளரும், மீனவரும், ரயில்வே சிப்பந்திகளும், ஆலைத் தொழிலாளரும் நெருங்கி வாழும் வட சென்னையில், பணக்காரர் வியாதி என்று அக்காலத்தில் பேசப்பட்ட ஒரு நோய்க்கு இத்தகைய நிலையம் எழுந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. அதனுடன் இணைந்து வளர்ந்த ஆராய்ச்சி நிலையத்தில், டாக்டர் அ. இராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புப் பரிசோதனையின் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் 531 பேர். 35 முதல் 55 வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பாலும் அலுவலகங்களில் வேலை பார்த்த மத்தியதர வகுப்பினரும் அவர்களுடைய குடும்பத்தினரும். நீரிழிவு இன்னும் தோன்றவில்லை, ஆனால் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கச் செய்து சோதித்தால் இரத்தத்தில் அளவு மிகுந்து காணும் என்ற நிலையில் இருந்தவர்கள். இவர்களை நான்கு பிரிவாக்கினார்கள். முதற் பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும் கிடைத்தது. இரண்டாம் பிரிவினர் நாள்தோறும் அரை மணி நேரமாவது நடக்கவும் உணவைத் திருத்திக்கொள்ளவும் கேட்டுக்கொள்ளப்பட்டனர். முன்பே அவ்வளவு நடப்பவர்களும், சைக்கிள் மிதிப்பவர்களும், உடலுழைப்புச் செய்பவர்களும் அதை விடாமல் தொடருமாறு சொல்லப்பட்டார்கள். மூன்றாம் பிரிவினருக்கு மெட்பார்மின். அதுவும் 250 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இருமுறை மட்டும். நான்காம் பிரிவினருக்கு நடையும் மாத்திரையும் சேர்த்து.

மூன்று ஆண்டுகள் கழிந்தபோது, ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு தோன்றிவிட்டது. இந்த எண்ணைக் கேட்டு நெஞ்சம் திடுக்கிட வேண்டும். பாதிக்கு மேற்பட்டவர்கள், மூன்றே ஆண்டில்! நடந்தவர்களிலோ 39.3 பேர், மாத்திரை உண்டவர்களில் 40.5 பேர், இரண்டையும் கைக்கொண்டவர்களில் 39.5 பேர். நடையும் மாத்திரையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்பது இதில் முதலில் கண்ணில் படுவது. மாத்திரை அப்பியாசத்தைப் போலி செய்ய வல்லது என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை என்று மாத்திரைக் கட்சியார் சொல்லக்கூடும். ஆனால், இரண்டையும் சேர்த்தவர்களுக்கு இரட்டிப்புப் பலன் கிடைக்கவில்லை என்பதையே நான் உங்கள் கவனத்துக்கு அழுத்தமாகக் கொண்டுவர விரும்புகிறேன். நடப்பவருக்கு அந்த மாத்திரை மேற்கொண்டு எதையும் கூட்டித் தரவில்லை. அன்றியும், இராயபுரத்தார் முதன்மையாக அளந்தது சர்க்கரையையே. மாடிப்படி ஏறும் வலிமையையோ, தடுக்கினால் விழாமல் சமாளிக்கும் சமநிலையையோ, எலும்பின் உறுதியையோ, இரவில் நன்றாய் உறங்கும் சுகத்தையோ அவர்கள் அளக்கவில்லை. அவற்றை அளப்பது அவர்களுடைய நோக்கமுமன்று. அப்பரிசோதனையில் இருந்தவர்களின் சராசரி வயது நாற்பத்தாறு. இங்கே என் முன்னால் அமர்ந்திருக்கும் பெரியோர்களில் அனேகர் அவ்வயதைக் கடந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆனவர்கள்.

அந்த வயதினரைப் பற்றிய விடை அமெரிக்காவில் கிடைத்தது. அங்கே 3,234 பேரைக் கொண்டு இதே விதமாக நடந்து 2002-இல் வெளியான பெரிய பரிசோதனையில், நடையும் உணவுத் திருத்தமும் நீரிழிவை நூற்றுக்கு 58 பங்கும், மெட்பார்மின் 31 பங்கும் குறைத்தன. ஆனால் அறுபதைக் கடந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோது, நடையின் பலன் 71 ஆக உயர்ந்தது. மாத்திரையின் பலனோ ஏறக்குறைய 11 ஆக இறங்கி, பலன் என்று உறுதியாகச் சொல்வதற்கே இடமில்லாமல் போயிற்று. இதைச் சற்று நின்று நிதானித்து யோசியுங்கள். வயது ஏற ஏற அப்பியாசம் நமக்குப் பயன்படாது, இனி மருந்துதான் கதி என்று நினைப்பது நம்மிடையே உள்ள பொதுவான எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

இன்னும் ஒன்று. 2019-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், 65 வயதைக் கடந்த, நீரிழிவு இல்லாத முதியவர்களுக்கு 14 வாரம் பளு தூக்கும் பயிற்சி அளித்தார்கள்; பாதிப் பேருக்கு அதனுடன் மெட்பார்மினும், பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். மருந்தும் பயிற்சியும் சேர்ந்தால் தசை மேலும் வளரும் என்று எதிர்பார்த்தே அதைத் தொடங்கினார்கள். விளைந்தது வேறு: மெட்பார்மின் உண்டவர்களின் தொடைத்தசை, உண்ணாதவர்களுடையதைக் காட்டிலும் குறைவாகவே வளர்ந்தது. அப்பியாசத்தைப் போலி செய்த மருந்தே, மெய்யான அப்பியாசத்தின் பலனில் ஒரு பகுதியைத் தடுத்தது. இதைக் கேட்டுவிட்டு, நீரிழிவுக்காக அம்மாத்திரையை உண்டு வருபவர் எவரும் நாளைக் காலையில் அதை நிறுத்திவிடக் கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். நீரிழிவு வந்தவர்களுக்கு அது கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் காக்க உதவும் மருந்து. அதை மாற்றவோ குறைக்கவோ உங்கள் வைத்தியரே சொல்ல வேண்டும். நோய் இல்லாத ஒருவர், இளமை நீடிக்கும் என்று நம்பி அதைக் கடையில் வாங்கி உண்பதைப் பற்றியதே என்னுடைய ஆட்சேபம்.

அப்படியானால் முதிய சரீரத்தில் மெய்யான அப்பியாசம் எவ்வளவு தூரம் வேலை செய்யும்? பாஸ்டன் நகரத்தில் மரியா பியாத்தரோனி என்னும் பெண் வைத்தியர் செய்த இரண்டு பரிசோதனைகளை வாசித்த நாள் முதல், முதுமையைப் பற்றி நான் கொண்டிருந்த கருத்தே மாறிவிட்டது. 1990-இல் அவர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலினால் பளுவை உயர்த்தும் பயிற்சியை அளித்தார். அவர்களுடைய கால்வலிமை சராசரி நூற்றுக்கு 174 பங்கு, அதாவது முன்பிருந்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல், உயர்ந்தது. நான்கு ஆண்டு கழித்து, நூறு முதியவர்களைக் கொண்டு இன்னும் விரிவாகச் செய்தார்; அவர்களுடைய சராசரி வயது 87. ஒரு சாராருக்குப் பயிற்சி. ஒரு சாராருக்குச் சத்துப் பானம். ஒரு சாராருக்கு இரண்டும். ஒரு சாராருக்கு இரண்டுமில்லை. பத்து வாரத்தில் பயிற்சி பெற்றவர்களின் வலிமை இரு மடங்குக்கு மேல் பெருகியது. நடை வேகம் கூடியது. மாடிப்படி ஏறும் ஆற்றல் வளர்ந்தது. சத்துப் பானத்தை மட்டும் அருந்தியவர்களுக்கோ குறிப்பிடத்தக்க பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. எண்பத்தேழு வயதிலும், வேலை கொடுத்தால் தசை கேட்கிறது. வேலை கொடுக்காமல் சத்தை மட்டும் ஊட்டினால் அது கேட்பதில்லை.

இனி, அண்மைக் காலத்தில் புகழ்பெற்ற புதிய ரசாயனங்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். 2008-இல், கலிபோர்னியாவிலுள்ள சால்க் நிலையத்தில் ரொனால்டு எவன்சும், விஹாங் நார்க்கர் என்னும் நம் நாட்டவரும் பிறரும், ஏஐசிஏஆர் என்னும் ரசாயனத்தை நான்கு வாரம் எலிகளுக்குக் கொடுத்தபோது, ஒரு நாளும் ஓட்டப் பயிற்சி பெறாத அவ்வெலிகள் மற்றவற்றைவிட நூற்றுக்கு 44 பங்கு அதிகமாக ஓடின என்று அறிவித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. அதே ஆராய்ச்சியில் பயன்பட்ட ஜிடபிள்யூ 1516 என்னும் மற்றொரு ரசாயனம், பிராணிகளுக்கு நெடுங்காலம் கொடுத்துச் சோதித்தபோது பல உறுப்புகளில் புற்றுநோய் தோன்றியதால், அதை உருவாக்கிய நிறுவனத்தாராலேயே கைவிடப்பட்டது. ஆனாலும் அது கள்ளச் சந்தையில் விற்பனையானதால், விளையாட்டு வீரர்கள் அதைத் தொடக் கூடாது என்று உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2013-இல் பகிரங்கமாக எச்சரித்தது. ஜிம்முக்குப் போகும் உங்கள் பேரப்பிள்ளைகள் இத்தகைய பொட்டலங்களை இணையத்தில் வாங்கினால், தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

மாதுளையிலும் வால்நட்டிலும் உள்ள ஒரு பொருளிலிருந்து, நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் யூரோலித்தின் ஏ என்னும் பொருளைச் செய்கின்றன. எல்லாருடைய குடலும் அதைச் செய்வதில்லை. 65 வயதைக் கடந்த 66 பேரில் ஒரு சாராருக்கு நான்கு மாதம் அதையும், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2022-இல் வெளியாயிற்று. கை கால் தசைகள் களைப்படையாமல் தாங்கும் திறம் சற்று மிகுந்தது. ஆறு நிமிஷத்தில் நடந்து கடக்கும் தூரத்திலோ, வெறும் மாத்திரை உண்டவர்களுக்கும் இவர்களுக்கும் கருதத்தக்க வேற்றுமை இல்லை. 2025-இல் சீன விஞ்ஞானிகள், அப்பியாசம் செய்பவருடைய சிறுநீரகம் பீட்டேன் என்னும் பொருளை மிகுதியாக உற்பத்தி செய்கிறது என்றும், அதைக் கொடுத்தால் முதிய எலிகளின் ஆரோக்கியம் மேம்படுகிறது என்றும் கண்டார்கள். பீட்ரூட்டிலும் பாலக்கீரையிலும் உள்ள எளிய பொருள் இது. இக்கண்டுபிடிப்பை நான் மதிக்கிறேன்; அப்பியாசம் எந்தெந்த உறுப்புகளின் வழியாக நன்மை செய்கிறது என்பதை அது புலப்படுத்துகிறது. கட்டிலில் கிடப்பவருக்கு உதவும் மருந்து என்றாவது ஒரு நாள் பிறக்குமானால், இத்தகைய ஆராய்ச்சிகளின் வழியேதான் பிறக்கும். ஆகையால் அவற்றுக்குச் செலவிடும் பணம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எலிக்கு மங்கிய தெருவிளக்கு என்பது போன்ற துன்பங்கள் இல்லை; எலி நடந்த தூரத்தை வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பாட்டியின் நடையைக் கணக்கிட இயலாது.

இவ்விடத்தில், இரும்புச் சந்தையில் வேலையை முடித்துக்கொண்டு வந்து இங்கே அமர்ந்திருக்கும் தோழர்கள் தம் மனத்துக்குள் எழுப்பும் வினாவை நான் உணர்கிறேன். வாழ்நாளெல்லாம் கம்பியும் தகடும் தூக்கி லாரியில் ஏற்றிய லோடுமேனுக்கு என்ன அப்பியாசம் வேண்டியிருக்கிறது, அவன் செய்யாத அப்பியாசமா, பின்னை ஏன் ஐம்பத்தைந்து வயதிலேயே முழங்காலும் முதுகும் அவனைக் கைவிடுகின்றன என்று கேட்கிறீர்கள். மிகவும் நியாயமான வினா. 1953-இல் இலண்டனில் ஜெரமி மோரிஸ் என்பவர், நாளெல்லாம் உட்கார்ந்து பஸ் ஓட்டும் டிரைவர்களைக் காட்டிலும், மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த கண்டக்டர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்று கண்டார். அதனால் உடலுழைப்பெல்லாம் நன்மையே என்று உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. ஆனால் 2018-இல் பல தேசத்து ஆராய்ச்சிகளை ஒன்றுகூட்டிப் பார்த்தபோது, வேலையிலே மிகக் கடினமாக உடலை வருத்தும் ஆண்களுக்கு அகால மரண அபாயம் நூற்றுக்கு 18 பங்கு மிகுதி என்று தெரியவந்தது. காரணம் விளங்காததன்று. அப்பியாசம் என்பது களைத்தால் நிறுத்தலாம் என்ற சுதந்திரத்தோடு, கொஞ்ச நேரம், நாடித்துடிப்பை உயர்த்தி, பின்பு இளைப்பாறுவது. பாரம் தூக்குவதோ எட்டு மணி, பத்து மணி நேரம், முதுகை வளைத்து, மூச்சை அடக்கி, வெயிலிலும் துருத் தூசியிலும், கூலி போய்விடுமே என்ற பயத்தோடு செய்வது. இரத்த அழுத்தம் நாள் முழுதும் உயர்ந்தே நிற்கிறது. உறங்கியும் அது முழுதும் தணிவதில்லை. ஆகவே, உழைத்து ஓய்ந்த சரீரத்துக்கு வேண்டுவது இன்னும் பாரமன்று. முழங்காலைச் சுற்றிய தசைகளைப் பக்குவமாக வலுப்படுத்தும் பயிற்சியும், வேலை நாட்களிலேயே போதிய இளைப்பாறலும், பாரத்தை ஏற்ற யந்திரமும் ஆகும். இவற்றை அளிக்கும் கடமை வேலை வாங்குவோரைச் சேர்ந்தது.

மற்றொரு கடமை நகரத்தைச் சேர்ந்தது. தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு பிரதேசங்களில் 14,227 பேரைக் கொண்டு நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள், அதாவது நூற்றுக்கு 54.4 பேர், போதிய உடலசைவு அற்றவர்கள் என்றும், ஓய்வு நேரத்தில் நடையோ விளையாட்டோ மேற்கொள்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்றும் கண்டார்கள். மக்களின் சோம்பல் என்று இதற்குப் பெயரிடுவது எளிது. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கையில், எழுபது வயதுப் பெண்மணி எங்கே நடப்பார்? மணலிச் சாலையின் ஓரத்தில் நடைபாதை எது, சாக்கடை எது என்று விளக்கில்லாத விடியலில் எப்படித் தெரிந்துகொள்வார்? ஆலைக் காற்றின் நெடி மூக்கைத் துளைக்கும் காலை வேளையில், ஆழ்ந்து மூச்சு விடுங்கள் என்று அவருக்குச் சொல்வது எவ்வாறு? திருவொற்றியூர்த் தியாகராஜர் கோயில் பிராகாரத்தைச் சுற்றி வரும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்தியோடு, லாரி வராத தரை என்ற ஆறுதலும் அவர்களை அங்கே அழைத்து வருகிறது. மாநில அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், மாவட்டந்தோறும் எட்டுக் கிலோமீட்டர் நடைத்தடம் அமைந்தது; சென்னைக்கு அது பெசன்ட் நகரில் வாய்த்தது. நல்ல திட்டம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பெசன்ட் நகருக்கு வேண்டுவது சாத்தாங்காட்டுக்கும் வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் இல்லாவிட்டாலும், மரநிழலும் விளக்கும், நடுவே உட்காரக் கல்மேடையும், ஒரு கழிப்பிடமும் உள்ள அரைக் கிலோமீட்டர் இங்கே கிடைக்குமானால், எந்தக் கம்பெனியின் மாத்திரையும் இவ்வட்டாரத்து முதியோருக்கு அதைவிட அதிக நன்மை செய்துவிடாது என்று, நான் சொன்ன ஆராய்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டே துணிந்து கூறுவேன்.

தூண்டுவதற்குப் பெரிய ஏற்பாடுகள் தேவையில்லை என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அதே டாக்டர் இராமச்சந்திரன், நீரிழிவு வரும் நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் ஒரு பாதியினருக்குச் செல்போனில் அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பி, நடையையும் உணவையும் நினைவூட்டி வந்தார். 2013-இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டில் செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும், பெற்றவர்களில் 18 பேருக்கும் நீரிழிவு வந்தது. சில பைசாச் செலவில் ஒரு நினைவூட்டல் இவ்வளவு செய்யுமானால், மாலையில் வாசலுக்கு வந்து, அத்தை, வாங்க, தெருக்கோடி வரை போய்விட்டு வரலாம் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் எவ்வளவு செய்யாது!

நடக்க வழியில்லாதவர்கள் வீட்டுக்குள்ளே செய்யக்கூடியது ஒன்று. கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதில் உட்கார்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, காலின் வலுவினாலேயே எழுந்து நில்லுங்கள். பின்பு, தொப்பென்று விழாமல், மெதுவாக உட்காருங்கள். முடியாதவர்கள் முதலில் கையை ஊன்றிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. ஐந்து முறையில் தொடங்கி, வாரந்தோறும் ஒன்றிரண்டு கூட்டிக்கொண்டு போகலாம். மார்பில் வலி, தலைச்சுற்றல், புதிதாக மூச்சு வாங்குதல் கண்டால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் செல்ல வேண்டும். முழங்கால் அறுவை செய்துகொண்டவர்களும் இருதய நோயுள்ளவர்களும் தொடங்குவதற்கு முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கட்டிலை விட்டு எழவே இயலாதவர்களுக்காக, 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், இயன்முறைச் சிகிச்சையாளர் வீட்டுக்கே வந்து கை கால்களை அசைத்துப் பயிற்சி அளிக்க ஏற்பாடு உண்டு. உங்கள் தெருவில் அத்தகையவர் எவரேனும் இருந்தால், பகுதியிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களுடைய பெயரைப் பதியச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அடுத்த வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். கூட்டம் முடிந்தபின் அரை மணி நேரம் நான் இங்கேயே இருப்பேன். நாற்காலிப் பயிற்சியைச் செய்து பார்க்க விரும்பும் பெரியோர்களும் தாய்மார்களும் தயங்காமல் முன்னே வாருங்கள்.